முதலும் வட்டியும்

வாரம் ஒருமுறை கூடி இசை கேட்கும் நண்பர்கள் நால்வர் நாங்கள். இத்தாலிய மொழி எங்களில் எவருக்கும் தெரியாது. ஓபரா அரங்கொன்றின் படியைக்கூட மிதித்ததில்லை. இருந்தும் லியோன்டின் பிரைஸின் ஓர் ஒளிப்பதிவைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறோம்.

1985 ஜனவரி 3. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அவர் ஓபரா மேடையிலிருந்து விடைபெற்ற இரவு. நாடகம் வெர்டியின் 'அய்டா'. எகிப்தில் அடிமைப்பட்ட எத்தியோப்பிய இளவரசி, நைல் நதிக்கரையில் நின்று, இனித் தன் நாட்டைக் காணப்போவதில்லை என்று பாடுகிறாள். பாடல் முடிந்ததும் கைதட்டல் நிமிடக்கணக்கில் நீள்கிறது. பிரைஸ் தலைவணங்கவில்லை, அய்டாவாகவே நிற்கிறார். உதடுகள் மட்டும் நடுங்குகின்றன.

முதன்முறை பார்த்தபோது எங்களுக்குக் கோபமே வந்தது. 57 வயதில் இப்படிப் பாட முடிகிறவர் ஏன் விலக வேண்டும்?

1927இல் மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். தந்தை மர ஆலைத் தொழிலாளி, தாய் மருத்துவச்சி. ஜூலியார்ட் இசைக்கல்லூரியில் ஃப்ளோரன்ஸ் பேஜ் கிம்பலிடம் குரல் பயின்றார். 1955இல் அவர் தொலைக்காட்சியில் 'டோஸ்கா' பாடியபோது, கறுப்பினப் பெண் என்பதால் தென்மாநில நிலையங்கள் சில அதை ஒளிபரப்ப மறுத்தன. 1958இல் வியன்னாவும் 1960இல் மிலானின் லா ஸ்காலாவும் அவரை 'அய்டா'வாகக் கண்டன. 1961 ஜனவரி 27 அன்று மெட்ரோபாலிட்டனில் முதல் மேடையேற்றம். அன்றைய கரவொலி நாற்பது நிமிடங்களுக்கு மேல் நீண்டதாகச் சொல்கிறார்கள். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், புச்சீனியின் ஓபரா ஒன்றின் நடுவே அவர் குரல் கைவிட்டது. ஓர் அங்கத்தை வசனமாகப் பேசியே முடித்தார். அடுத்த அங்கத்தை வேறொருவர் பாடினார்.

கிம்பல் தனக்குப் போதித்ததாக பிரைஸ் நினைவுகூர்ந்த பாடம் ஒன்று உண்டு. குரல் என்பது முதல். பாடுகிறவர் அதன் வட்டியில் வாழ வேண்டும், முதலைத் தொடலாகாது. 1970களில் அவர் ஓபராக்களைக் குறைத்துக்கொண்டு தனிக்கச்சேரிகளுக்குத் திரும்பியதன் பொருள் இதைப் படித்த பிறகே எங்களுக்கு விளங்கியது.

கூடவே ஒரு பழைய மாலையும் நினைவுக்கு வந்தது. எங்கள் அபிமானப் பாடகர் ஒருவரின் இறுதிக்காலக் கச்சேரி. மேல்ஸ்தாயி எட்டாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தது கண்ணெதிரே தெரிந்தும், அவர் இளமையில் பாடிப் புகழ்பெற்ற அதே பாட்டைக் கேட்டுத் துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினோம். அவர் சீட்டைப் படித்தார், புன்னகைத்தார், பாடினார். குரல் பிளந்தது. நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். அன்று முதலுக்கே மோசம் செய்தவர்களில் நாங்களும் உண்டு.

பிரைஸ் 2001இல், செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தோருக்காகக் கார்னகி அரங்கில் நடந்த நினைவுக் கச்சேரியில், ஓய்விலிருந்து வந்து பாடினார். அப்போது அவருக்கு வயது 74.

இப்போதும் அந்த ஒளிப்பதிவைப் பார்க்கிறோம். கைதட்டல் எழும்போது ஒலியைக் குறைத்துவிட்டு, அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.