பட்டறைக்குப் பட்டறை போன வின்ச்

மோட்டாரின் அடியில் இருக்க வேண்டிய சின்னத் துளை மேலே பார்த்தபடி இருந்திருக்கிறது. கோவை கணபதியில், வீட்டு முன்வாசலில் சாக்கு விரித்து அந்தப் பழைய வின்ச்சைக் கிடத்தியிருந்த அண்ணன், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன் எனக்குக் காட்டியது அதைத்தான். "உள்ள போற தண்ணி வெளிய வர்றதுக்கு வச்ச ஓட்டைங்க தம்பி. முன்னாடி வச்சிருந்தவங்க பம்பர்ல திருப்பி மாட்டியிருக்காங்க. துருக் கோடு எந்தப் பக்கம் இறங்கியிருக்குதுன்னு பாருங்க. பேஞ்ச மழையெல்லாம் உள்ளதான் நின்னிருக்கு."

பெயின்ட் உரிந்ததும் துருப்பிடித்ததும் யார் கண்ணுக்கும் தெரியும். அது எதனால் நின்றுபோனது என்பதைத் திறக்காமலே சொல்ல ஆள் வேண்டும். பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆனைகட்டிப் பக்கம் கொஞ்சம் தோட்டம் உண்டு. மழைக்காலத்தில் அங்கே அவருடைய எம்எம் 540 ஜீப் ஆக்சில் வரை புதைந்துவிடும். புதைந்த வண்டியைக் கம்பி சுற்றி இழுத்தெடுக்க, உக்கடத்தில் பழைய பொருள் கடையில் இந்த வின்ச்சை வாங்கி வந்தார்.

இது அமெரிக்க வின்ச்: வார்ன் எம்8000. இரண்டாம் உலகப் போர் முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட ஜீப்புகளுக்கு லாக்கிங் ஹப் செய்துகொடுக்க 1948இல் தொடங்கிய நிறுவனம் அது. எம்8000 பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும். 8,000 பவுண்டு, அதாவது 3,600 கிலோவுக்குச் சற்று மேல் இழுக்கும். முழுப் பாரத்தில் 400 ஆம்பியருக்கு மேல் கரன்ட் குடிக்கும். ஒரு வீட்டுக்கு வரும் மொத்த கரன்ட்டை விடப் பல மடங்கு அது, கட்டைவிரல் தடிமன் கேபிள் வழியாக ஒரு கார் பேட்டரியிலிருந்து போகிறது. அதனால்தான் இந்த இயந்திரத்தில் அரைகுறை வேலை ஆகாது.

கியர் பக்கத்தை அண்ணன் அன்றைக்கே திறந்தார். பழைய கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, உள்ளே இருந்த பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஓடும் குட்டிச் சக்கரங்கள், வெளியே உள்பல் வெட்டிய வளையம். இப்படி மூன்று அடுக்கு. மோட்டார் 216 சுற்று சுற்றினால்தான் டிரம் ஒரு சுற்று திரும்பும். ஒரு பல்லில்கூட உடைசல் இல்லை. நல்ல எஃகில் செய்த பொருள் எத்தனை அலட்சியத்தைத் தாங்குகிறது என்று அவர் கையிலிருந்த சக்கரத்தைப் பார்த்தபோது தோன்றியது.

மோட்டார் அப்படித் தப்பவில்லை. அலுமினியமும் இரும்பும் சேரும் இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்து, திருகாணிகள் அசையவே இல்லை. டீசல் விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் சூடு காட்டி, இம்பாக்ட் டிரைவரை வைத்து சுத்தியலால் தட்டி எடுத்தார். உள்ளே கார்பன் பிரஷ்கள் கூட்டில் சிக்கி நின்றன. பிரஷ்கள் உரசும் கம்யூட்டேட்டரின் தாமிரம் பாசி நிறத்துக்கு மாறியிருந்தது. "இனி எங்கையில இல்லைங்க. காயில் கட்டறவர்கிட்டப் போலாம்" என்று மூட்டை கட்டினார்.

ஆவாரம்பாளையத்தில் அந்தக் கடை பத்தடிக்குப் பத்தடிதான் இருக்கும். கூரை வரை எரிந்துபோன பம்ப் மோட்டார்கள். காயில் கட்டுபவர் முதலில் சீரிஸ் பல்பு வைத்துப் பார்த்தார். ஒரு முனை, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரின் தண்டில்; மறுமுனை கம்யூட்டேட்டரில். பல்பு எரியவில்லை. "பாடி ஆகலைங்ணா, பொழைச்சுது." அடுத்தது குரௌலர். மேலே 'வி' போல வாய் பிளந்த மின்காந்தம் அது. அந்த வாயில் ஆர்மேச்சரை உட்காரவைத்து ஸ்விட்சைப் போட்டதும் மெல்ல உறுமியது. பழைய ஆக்சா பிளேடு ஒன்றை ஆர்மேச்சரின் முதுகில் லேசாக வைத்து, ஆர்மேச்சரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். உள்ளே ஏதாவது ஒரு காயில் ஷார்ட் ஆகியிருந்தால் அந்தக் காடிக்கு நேரே வரும்போது பிளேடு தானாக நடுங்கும். அவர் பிளேடைப் பார்க்கவே இல்லை. விரல் நுனியால் கேட்டுக்கொண்டிருந்தார். முழுச் சுற்று வந்தும் பிளேடு சும்மா இருந்தது.

கெட்டிருந்தது, சுழலாமல் நிற்கும் ஃபீல்டு காயில். பட்டைத் தாமிரத்தின் மேல் சுற்றிய துணி, தண்ணீரில் கிடந்து மக்கி, தொட்டால் உதிர்ந்தது. அதைக் கடையின் உள்பக்கம் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவியிடம் கொடுத்தார். அந்த அக்கா பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காட்டன் டேப்பைப் பாதிக்குப் பாதி மேலேறும்படி இழுத்துச் சுற்றினார். எங்கேயும் தளர்வில்லை, எங்கேயும் மடிப்பில்லை. வளைவில் மட்டும் டேப்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு நொடி நிறுத்துவார். "வளைவுலதாங்க தம்பி மொதல்ல கிழியும்." பிறகு வார்னிஷில் முக்கி, கம்பியில் தொங்கவிட்டு, உலர்த்தும் பெட்டிக்குள் வைத்தார்கள். கோவை மோட்டார் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய பொருளுக்குள் இப்படிப்பட்ட பெண்களின் கைவேலை நிறைய இருக்கிறது. விசிட்டிங் கார்டில் அவர்கள் பெயர் வருவதில்லை. வர வேண்டும்.

லேத் பட்டறை அடுத்த தெருவில். ஆர்மேச்சரைப் பிடித்து, கம்யூட்டேட்டரின் மேல் மயிரிழை மட்டும் சீவினார்கள். பாசி போய்த் தாமிரம் பளபளத்தது. அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைப்போம். தாமிரத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா, தாமிரத்தைவிடக் கடினம். ஓட ஓடத் தாமிரம் தேயும், மைக்கா மேலே துருத்தும். பிரஷ் குதிக்கும், பொறி பறக்கும், மறுபடி எல்லாம் கருகும். எனவே ஒவ்வொரு இடுக்கிலும் மைக்காவைக் கீழிறக்கி வெட்ட வேண்டும். மாஸ்டர் ஆக்சா பிளேடின் பக்கங்களை எமரியில் தேய்த்து மெல்லிசாக்கி வைத்திருந்தார். வெளிச்சம் விழும் பக்கமாக ஸ்டூலை நகர்த்திப் போட்டு, அதைக் கொண்டு ஒவ்வொரு இடுக்காக இழுத்தார். தேய்ந்துபோயிருந்த டிரம் புஷ்ஷுக்கு நைலான் ராடில் புதியது கடைந்ததும் அவர்தான். அளவு சொல்ல அண்ணன் வாயைத் திறக்குமுன், வெர்னியரால் டிரம்மையும் கூட்டையும் தானே அளந்துகொண்டார்.

வயரிங்குக்கு அண்ணன் வீட்டிலேயே உட்கார்ந்தார். இது சீரிஸ் மோட்டார். பேட்டரியின் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தாலும் அதே பக்கம்தான் சுற்றும், ஏனென்றால் ஃபீல்டும் ஆர்மேச்சரும் சேர்ந்தே திரும்பிவிடுகின்றன. கம்பியைச் சுற்றவும் விடவும் வேண்டுமென்றால் ஃபீல்டின் இரு முனைகளை மட்டும் திருப்ப வேண்டும். அந்த வேலைக்குத்தான் கன்ட்ரோல் பெட்டிக்குள் நான்கு சொலினாய்டு ஸ்விட்சுகள், ஒரு திசைக்கு இரண்டு. இரண்டில் உள்முனை கருகியிருந்தது. ஒன்று உள்ளேயே ஒட்டிக்கொண்டால் பட்டனை விட்டாலும் வின்ச் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், நல்லதாக இருந்த இரண்டையும் நம்பாமல் நான்கையும் மாற்றினார்.

இவ்வளவு செலவுக்குப் புதிதாகவே வாங்கியிருக்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். மலிவு வின்ச்சுகள் இன்று நிறையக் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் இரண்டு பட்டறைக்கும் கொடுத்த கூலிக்கு அண்ணனுக்குக் கிடைத்தது ஓடும் வின்ச் மட்டுமில்லை. அதன் ஒவ்வொரு உறுப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்கு இப்போது தெரியும். சரிவில் ஜீப் ஒரே கம்பியில் தொங்கும்போது அந்தத் தெளிவுதான் உயிரைக் காக்கும். பழுது பார்க்கிறவர்களிடம் கூலியில் பேரம் பேசுகிற நாம், புதுப்பொருளுக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்தப் பழக்கத்தை நான் மனதார வெறுக்கிறேன்.

சோதனை ஆனைகட்டித் தோட்டத்தில் நடந்தது. பழைய கம்பியை அவர் கூடவே கொண்டுவரவில்லை. துணியை வைத்து வருடியபோதே அறுந்த இழைகள் ஊசி ஊசியாக மாட்டின. புதிதாக எட்டு எம்எம் கம்பி. எடை குறைந்த செயற்கை நார்க்கயிறு போடச் சொல்லி அவருடைய மருமகன் கேட்டிருந்தான். இந்த வின்ச்சில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருப்பதால், பாரத்தோடு கம்பியை விடும்போது டிரம் கொதிக்கும், அந்தச் சூட்டை நார்க்கயிறு தாங்காது என்று மறுத்துவிட்டார்.

புளியமரத்தில் அகலப் பட்டையைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டி, கம்பியின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டார். அறுந்தால் வீசுகிற வேகத்தை அந்தக் கனம் இழுத்துப் பிடிக்கும். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஜீப் நியூட்ரலில் மெல்ல மேலேறியது. பாதிச் சரிவில் பட்டனை விட்டார். மருமகன் சக்கரங்களுக்குப் பின்னால் ஓரடி விட்டுக் கல் வைத்தான். அண்ணன் பக்கவாட்டில் போய், டிரம்மின் விளிம்பிலும் கூட்டிலும் நேருக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். மருமகன் செல்போனில் நேரம் பார்த்தான். கால் மணி நேரம் கழித்தும் இரண்டு கோடும் நேராகவே இருந்தன.

பிறகு ஜீப்பைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, கம்பியை முழுக்க வெளியே இழுக்கச் சொன்னார். கம்பியின் நுனியை டிரம்மில் பிடித்திருப்பது ஒரு சின்னத் திருகாணிதான். பாரத்தைத் தாங்குவது அதன் மேல் இறுகும் சுற்றுகள். ஐந்து சுற்றாவது எப்போதும் டிரம்மில் மிச்சமிருக்க வேண்டும். அந்த ஐந்துக்கும் மருமகன் கையாலேயே சிவப்பு பெயின்ட் அடிக்கவைத்தார். "சிவப்பு கண்ணுல பட்டா பட்டனை விட்டுறோணும், ஆரு என்ன சொன்னாலும்" என்றார். அவன் தலையாட்டினான். வாயால் சொல்லச் சொன்னார். சொன்னான்.