திரைக்குப் பின் நடக்கும் உரையாடல்

கணிப்பொறி ஒன்றே, அதனுள் இயங்கும் நிரல்களோ பல. கடிதம் எழுத ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, வலையில் உலவ ஒன்று என நாம் கண்ணால் காண்பவை சில. நம் கண்ணுக்குப் படாமல் ஓயாது பணிபுரிபவையோ மிகப் பல. இணைய இணைப்பைக் காப்பது ஒன்று; அச்சுப்பொறியை ஆள்வது ஒன்று; மின்கலத்தில் எஞ்சிய ஆற்றலைக் கணக்கிடுவது ஒன்று. இவற்றைச் சேவை நிரல்கள் என்பர். இவை பிற நிரல்களோடு எவ்வாறு பேசுகின்றன? இக்கேள்வி கணிப்பொறித் துறையினர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் எழுதும் நம் அனைவர்க்கும் உரியது. இதனைச் சென்ற ஆண்டு விடுதியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது.

தமிழ்த் துறை ஆய்வாளர் ஒருவர், எனக்கு அண்ணன் போன்றவர், லினக்ஸ் கணிப்பொறியில் தம் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தார். ஒப்படைக்கச் சில நாட்களே இருந்தன. ஒரு நிரலில் தமிழ் தடையின்றி வந்தது. மற்றொன்றில் எந்த விசையை அழுத்தினாலும் ஆங்கில எழுத்தே வந்தது. "தம்பி, இந்த நிரலுக்கு மட்டும் தமிழ் தெரியாதோ?" என்று கேட்டார். "ஊர் தாண்டி வந்தால் தமிழுக்கு இந்தக் கதிதான், அண்ணே" என்றான் அருகிலிருந்த நண்பன், பாதி விளையாட்டாக. விடை தேடப் புகுந்தபோதுதான் அந்த மறைவான உலகம் எனக்குப் புலனாயிற்று.

இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தில் தனி அறை உண்டு. ஒன்றன் அறைக்குள் மற்றொன்று எட்டிப் பார்த்தல் ஆகாது. இயங்குதளம் சுவர் எழுப்பிக் காக்கிறது. சுவர் இல்லையேல் ஒன்றன் பிழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஆயின், சுவர் மட்டும் இருந்தால் எவரும் எவரோடும் பேச இயலாது. ஆகவே வாயில்கள் வேண்டும். யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1973இல் ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குச் செலுத்தும் 'பைப்' என்னும் குழாய் வந்தது. பின்னர் இருபுறமும் பேசத்தக்க 'சாக்கெட்' வந்தது. 2002இல் தொடங்கப்பெற்று, 2006இல் முதல் முழுப்பதிப்பைக் கண்டது 'டி-பஸ்'. அதற்கு முன் லினக்ஸ் உலகின் இரு பெருங்குழுவினரான க்னோமும் கேடீஇயும் தத்தமக்கென வேறு வேறு பேச்சு முறைகளை வைத்திருந்தனர். இருவர்க்கும் பொதுவாய் அமைந்ததே டி-பஸ்ஸின் சிறப்பு.

அதன் செயலை அறியத் தம்பானூர் ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். விசாரணைச் சாளரத்தில் நாகர்கோவில் வண்டி எப்போது என்று கேட்கிறோம், விடை வருகிறது. அல்லது அப்படி வண்டி இல்லை என்ற மறுமொழி வருகிறது. இன்னொரு புறம் ஒலிபெருக்கி யாரும் கேளாமலே வண்டி வருகையை அறிவிக்கிறது. வேண்டியவர் செவி கொடுக்கின்றனர். டி-பஸ்ஸிலும் செய்திகள் இந்நான்கு வகையே: கேள்வி, விடை, பிழை, பொது அறிவிப்பு. இணைப்பு அறுந்ததும் திரையின் மூலையில் குறி மாறுகிறதே, அது ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டதன் பயன். ஒவ்வொரு சேவையும் தன் பெயரைப் பதிந்து வைத்திருப்பதால், அது எங்கிருக்கிறது என்று தேட வேண்டுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் போதும். யார் எதைக் கேட்கலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு.

இனித் தமிழுக்கு வருவோம். லினக்ஸில் 'ஐபஸ்' என்னும் உள்ளீட்டுச் சேவை உண்டு. அதுவும் டி-பஸ் முறையிலேயே பேசுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் நாம் க விசையை அழுத்துகிறோம். எழுதும் நிரல் அவ்விசையைச் சேவைக்கு அனுப்புகிறது. சேவை க என்று விடை தருகிறது. அடுத்து இ விசையை அழுத்தினால் கி ஆகிறது. மாறாக க இருமுறை வந்தால் முதலதற்குப் புள்ளி தானே வந்து க்க ஆகிறது. மெய்யோடு உயிர் கூடும் இலக்கணம் முழுவதும் சேவையிடம் உள்ளது. எழுதும் நிரலுக்குத் தமிழே தெரியாது. கேட்கத் தெரிந்தால் போதும்!

அண்ணனின் இடர்ப்பாட்டுக்குக் காரணமும் இதுவே. சேவை விழிப்பாகத்தான் இருந்தது. அந்த ஒரு நிரலுக்கு அதனை அழைக்குமாறு சொல்லும் ஓர் அமைப்பு வரி இல்லை. அவ்வரியைச் சேர்த்தோம், தமிழ் வந்தது.

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் தனித்தனிக் குறியீடுகளைக் கொண்டிருந்தன. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் புரியாத குறிகளாய்த் தோன்றும். ஒவ்வொரு நிரலுக்கும் தமிழைத் தனியே கற்பித்தல் எங்ஙனம் இயலும்? பேச்சு முறை பொதுவாகவும் வெளிப்படையாகவும் எழுதி வைக்கப்பட்டதனால், ஒருமுறை சேவைக்குக் கற்பித்தது அம்முறை அறிந்த நிரல்கள் பலவற்றிலும் செல்கிறது. எவரிடமும் இசைவு கேட்டு நிற்க வேண்டியதில்லை.

சிறுபான்மையினராய் வாழும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் எழுதலாம் என்கிறது. அவ்வுரிமை எந்த அலுவலரின் தனிப்பட்ட அன்பையும் நம்பியதன்று. எழுதி வைத்த விதியை நம்பியது. கணிப்பொறியிலும் அவ்வாறே. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தொடங்கப்பெற்றது நம் திருவனந்தபுரத்தில்தான் என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

நண்பர்களே! விதி எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அதைப் படித்தறிந்து பயன்படுத்துவோரும் வேண்டும். 'டிபஸ்-மானிட்டர்' என்னும் கருவியை இயக்கினால் டி-பஸ் வழியே நடக்கும் உரையாடல் வரிவரியாய்த் திரையில் ஓடும். தமிழ்த் துறையார் ஒருவரும் கணிப்பொறித் துறையார் ஒருவரும் அதன் முன் ஒருமாலை சேர்ந்து அமரட்டும். இலக்கணம் அறிந்தவர்க்கு நிரல் தெரியாது. நிரல் அறிந்தவர்க்கு இலக்கணம் தெரியாது. சுவர்களுக்கிடையே வாயில் அமைக்கும் அப்பணி, நம் மன்றம் செய்யத்தக்க பணியன்றோ?