பொம்மசந்திராவில் ஒரு ஒத்திகை

பிள்ளை சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, "அப்பா, அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க" என்று டிக்கெட் போட்டுவிட்டால், அஞ்செட்டிப் பக்கம் முதலில் நடப்பது ராகி அரைப்பதுதான். கொள்ளு, புளி, ஊறுகாய் என்று பெட்டி நிரம்பிக்கொண்டே போகும். போகிற ஆளைத் தயார் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. பெட்டியைக் கடைசி நாளில்கூடக் கட்டலாம். முதலில் பொம்மசந்திரா வரை ஒருமுறை போய் வாருங்கள் என்பேன்.

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதையை 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வந்துவிடும். பையைச் சோதனை மெஷினில் வைப்பது, கேட்டில் டிக்கெட்டைக் காட்டி நுழைவது, தானாக மூடும் கதவு எல்லாம் அங்கேயே பழகிவிடும். முக்கியமாக நகரும் படிக்கட்டு. அதில் முதல் படி தரையோடு தரையாக வந்து, பிறகுதான் எழும்பும். நம் பெண்கள் தடுமாறுவது அந்த நொடியில்தான். முதலில் கைப்பிடி, அப்புறம் கால். மஞ்சள் கோட்டை மிதிக்கக் கூடாது, சேலைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது இன்னும் பயமாக இருக்கும். ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பாருங்கள். அங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூரில் பல நிலையங்கள் பூமிக்கடியில் இருப்பதால் படிக்கட்டும் நீளம். நிற்பவர் இடது பக்கம் ஒதுங்க வேண்டும், வலது பக்கம் அவசரக்காரர்களுக்கு. ரயிலுக்குள் தின்பதோ குடிப்பதோ கூடாது. மீறினால் 500 டாலர் வரை அபராதம்.

அடுத்தது பேர். நமக்கு முன்னால் ஓர் எழுத்து போதும், பாஸ்போர்ட்டுக்குப் போதாது. அப்பா பேர் முழுதாக ஏறிவிடுகிறது. முனிராஜ் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். கவுண்டரில் "மாதப்பா, மாதப்பா" என்று கூப்பிடுவார்கள். இறந்துபோன அப்பாவை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று இவர் உட்கார்ந்தே இருப்பார். டிக்கெட், விசா, பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும். சிங்கப்பூர் அரசின் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

வெற்றிலைப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. வாயில் போடும் புகையிலை, குட்கா, மூக்குப்பொடி எல்லாவற்றுக்கும் 2016 முதல் அங்கே தடை. சூயிங்கம் விற்பனைக்கோ 1992-லேயே தடை போட்டுவிட்டார்கள். குருமாவுக்கு என்று கசகசாவும் கட்டிவிடாதீர்கள். அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் கெடுபிடியில் இருக்கிற பொருள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் டாக்டர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்அனுமதி வேண்டுமா என்று விசாரித்துவிடுங்கள்.

போனில் எல்லாம் இருக்கிறது என்பார்கள் பிள்ளைகள். சார்ஜ் இறங்கினால் ஒன்றும் இருக்காது. பிளாக் எண், வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் எண், பிள்ளையின் போன் நம்பர் நான்கையும் ஒரு தாளில் எழுதி மடியில் வையுங்கள். அங்கே அநேகமாகக் கட்டடத்துக்கு ஒரு அஞ்சல் எண். டாக்சிக்காரருக்கு அதைக் காட்டினாலே போதும். வழி கேட்க வெட்கம் வேண்டாம். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. அதோடு, சந்தையில் கன்னடத்தில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, தமிழில் திட்டிவிட்டு வருகிற நமக்கா பேச்சு வராது?

கிளம்பும் நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம். அஞ்செட்டியிலிருந்து தேவனஹள்ளிக்கே சில நாள் அவ்வளவு ஆகிவிடும். பெங்களூரை முழுதாகக் கடந்தாக வேண்டும், அதற்கும் முன்னால் தேன்கனிக்கோட்டை வரை காட்டுப் பாதை. ராத்திரி விமானம்தானே என்று இருட்டிய பிறகு வண்டி எடுத்தால், யானை ரோட்டில் நிற்கும். ஆரன் அடிக்கவும் முடியாது. மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலேயே கிளம்புங்கள். ஓசூர் தாண்டிச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.