இரு மாத்திரைகள், ஒரு மூச்சு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இரவிலும் விளக்கணையாத தொழிற்சாலைகளைக் கண்டிருப்பீர்கள். என் மதரஸாவில் ஓதிச் சென்ற பிள்ளைகள் பலர் அங்கே ஷிப்டு முறையில் உழைக்கிறார்கள். இரவும் பகலும் மாறுவதால் அவர்களுக்கு உறக்கம் ஒழுங்காக வாய்ப்பதில்லை.

அவர்களில் ஒருவரின் தந்தை என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத்! மகன் போதை ஊசியை விட்டுவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நாவின் கீழ் வைக்கும் மாத்திரையை மருத்துவர் தினமும் தருகிறார். இதுவும் போதைதானே? நிறுத்திவிடட்டுமா?"

அம்மாத்திரை பியூப்ரினார்ஃபின். அபின் இனத்து மருந்து என்பது மெய்யே. எனினும் அது இன்பத்துக்காகத் தரப்படுவதன்று. உடலின் தவிப்பை அடக்கி, மனிதனைத் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் மீட்பதற்கே தரப்படுகிறது. இடையில் நிறுத்தியவர் பழைய ஊசிக்குத் திரும்பினால், தாங்கும் சக்தி குறைந்த உடலை முன்பு எடுத்த அளவே கொன்றுவிடலாம்.

அவர் தொடர்ந்தார்: "உறங்குவதற்கு நண்பன் கொடுத்த தூக்க மாத்திரையும் போடுகிறான்."

நாம் அஞ்ச வேண்டியது இதற்கே! பியூப்ரினார்ஃபின் தனித்திருக்கும்போது, மூச்சை ஒடுக்கும் அதன் ஆற்றல் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. அல்பிரசோலம், டயசிபாம் போன்றவையோ மதுவோ சேர்ந்தால் அவ்வேலி சாய்ந்துவிடும். மெதடோனுக்கு அவ்வேலியும் இல்லை. நலாக்சோன் என்னும் மாற்று மருந்து அபின் மருந்தை முறிக்கும். தூக்க மருந்தை முறிக்காது. தட்டியும் எழாமை, மூச்சு மந்தமாதல், உதடு நீலமாதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் இவ்விரு வகை மருந்துகளும் சேர்வது குறித்துக் கடுமையாக எச்சரித்தது. 2017-இல், தூக்க மருந்து உட்கொள்கிறார் என்பதற்காக மட்டுமே போதை மீட்பு மருந்தை மறுத்துவிடக் கூடாது என்றும் விளக்கியது. நெடுநாள் உட்கொண்ட தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரக்கூடும். ஆகவே கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. மறைக்காமல் சொல்வது நம் பொறுப்பு.

இது ஒரு வீட்டுச் செய்தியன்று. மருத்துவத் தேவையின்றித் தூக்க மருந்துகளைப் பயன்படுத்துவோர் நாட்டில் சுமார் 1.18 கோடி என்று 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு கூறியது. போதை மீட்புக்கு வழி கேட்க 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி உள்ளது. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இப்பணியைச் செய்து வருகிறது.

அத்தந்தையிடம் நான் சொன்னது இதுதான்: "மகனைக் கடிந்துகொள்ளாதீர்கள். மாத்திரை அட்டைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு அவருடன் மருத்துவரிடம் செல்லுங்கள். நோன்பு வந்தால் மருந்து நேரத்தையும் அவரிடமே கேளுங்கள்." உங்கள் வீட்டிலும் இத்தகைய பிள்ளை இருந்தால், அவமானம் கருதி வாய் மூடாதீர்கள். மானத்தைக் காக்கப் போய் மகனை இழக்கலாகாது. வல்ல இறைவன் நம் பிள்ளைகளைக் காப்பானாக! ஆமீன்.