கடலுக்கு மேற்கு

வங்கியில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலைகளில் ஒன்று, வீட்டுக் கடனுக்காக வரும் பத்திரங்களை வக்கீல் அபிப்பிராயத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது. மூலப்பத்திரம் இருக்கிறதா, பட்டாவில் உள்ள சர்வே எண்ணும் பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் ஒத்துப் போகின்றனவா, வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்கு எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. பத்திரத்தில் உவமை கிடையாது. ஒரு சொல் பிசகினால் ஒரு கிணறு கைமாறிவிடும்.

பத்திரத்தில் எனக்குப் பிடித்த பகுதி சக்குபந்தி. நான்கெல்லை சொல்லும் இடம். பழைய பத்திர எழுத்தர்கள் இதை எழுதுவதற்கு ஒரு தனி வாக்கிய அமைப்பு வைத்திருந்தார்கள். என் நிலத்துக்குக் கிழக்கே இன்னார் நிலம் என்று எழுதமாட்டார்கள். இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் புஞ்சைக்குத் தெற்கு, ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள இத்தனை சென்ட் என்று எழுதுவார்கள். நிலம் தன்னைத்தானே சொல்லிக்கொள்வதில்லை. மற்ற நால்வரையும் சொல்லி முடித்த பிறகு நடுவில் எது மிச்சமிருக்கிறதோ அது உங்களுடையது. நம் கவிதைகளில் 'நான்' என்ற சொல் வந்து நிற்கிற தோரணையை நினைத்துப் பார்க்கும்போது, பத்திர எழுத்தர்கள்மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

2023-இல் ஒரு பத்திரத்தின் நகல் என் கைக்கு வந்தது. கடனுக்காக அல்ல. நானே வாங்குவதற்காகத் தரகர் கொடுத்தது. புதுச்சேரிக்கு வடக்கே, வானூர் தாலுகாவில், கடலோரம் ஐந்து சென்ட். அதன் சக்குபந்தியில் மூன்று எல்லைக்கு மூன்று மனிதர்களின் பெயர் இருந்தது. நான்காவதாக, 'கடலுக்கு மேற்கு' என்று இருந்தது. அந்த இரண்டு சொல்லைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கிளர்ச்சியை நல்ல கவிதைகளில்கூட அபூர்வமாகவே அடைந்திருக்கிறேன்.

நான் அனந்தபுரத்துக்காரன். செஞ்சிப் பக்கத்து ஊர். மணிலாக்கொட்டை, பனைமரம், மழை பெய்தால் ஏரி. கடல் என்பது திண்டிவனம் போய் மரக்காணம் பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வருகிற சமாசாரம். அப்பா காலமான பின் எனக்கென்று ஊரில் மிஞ்சியது ஒரு ஏக்கர் இருபது சென்ட் புஞ்சை, அதைவிட்டு வரமாட்டேன் என்கிற அம்மா, அப்புறம் ஒரு வரப்புச் சண்டை. கிழக்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஊர் முறையில் எனக்கு மாமா. இருபது வருஷமாக ஒவ்வோர் உழவிலும் ஒரு விரற்கடை வரப்பைச் சீவிக்கொண்டு வந்தார். அப்பாவும் அவரும் பேசாமலிருந்த வருஷங்கள் உண்டு. பேசிய வருஷங்கள் அதைவிட மோசம். இதை விற்றுவிட்டு, ஒரு பக்கத்திலாவது மனிதன் இல்லாத இடத்தில் நாலு சுவர் எழுப்பிக்கொண்டு எழுதலாம் என்று தீர்மானித்தேன். எழுதுகிறவனுக்குத் தனிமை வேண்டும் என்று எல்லோரும்தானே எழுதியிருக்கிறார்கள்.

இந்த ஆசையின் ஊற்று எனக்குத் தெரியும். திண்டிவனத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது டி. எச். லாரன்ஸின் ஒரு கதையைப் பாடத்துக்கு வெளியே படித்தேன். 'தீவுகளை நேசித்தவன்', 1927-இல் வந்தது. ஒருவன் ஒரு தீவை வாங்குகிறான். ஆட்களை வைத்து ஒரு சிறு உலகத்தை அமைக்கிறான். பணம் கரைகிறது, ஆட்கள் ஏமாற்றுகிறார்கள். அதை விட்டு இன்னும் சிறிய தீவுக்குப் போகிறான். அங்கே ஒரு பெண், ஒரு குழந்தை. அதுவும் தாங்கவில்லை. மூன்றாவதாக வெறும் பாறைக்குப் போகிறான். அங்கிருக்கும் ஆடுகளையும் அப்புறப்படுத்தச் சொல்கிறான். கடைசியில் பனி விழுந்து எல்லாவற்றையும் மூடுகிறது. பத்தொன்பது வயதில் இந்தக் கதையை நான் முழுக்கத் தலைகீழாகப் படித்தேன். எச்சரிக்கையை விளம்பரமாக எடுத்துக்கொண்டேன்.

கதைக்கு ஆதாரமாக ஓர் ஆள் இருந்தார். லாரன்ஸின் நண்பர், நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்ஸி. 1920-இல் ஆங்கிலக் கால்வாயில் ஹெர்ம் தீவைக் குத்தகைக்கு எடுத்தார். கட்டுப்படியாகாமல் பக்கத்திலிருந்த இன்னும் சிறிய ஜெத்தூவுக்கு மாறினார். 1925-இல் ஸ்காட்லாந்தின் மேற்கே ஷியண்ட் தீவுகளை விலைக்கே வாங்கினார். குளிர்ந்த கடல், புல், பறவைகள், ஆடுகள். லாரன்ஸின் கதை அவருக்குப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. 1937-இல் அந்தத் தீவுகள் மறுபடி கைமாறி, விர்ஜீனியா வுல்ஃபின் சிநேகிதி விட்டா ஸாக்வில்-வெஸ்டின் மகனிடம் போயின. ஆங்கில எழுத்தாளனுக்குத் தீவு என்பது படிமம் மட்டுமல்ல, சர்வே எண் உள்ள சொத்து என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். நம்மிடம் அந்த வசதி கிடையாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. 1986-இல் அவற்றைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. விற்பதற்கு அங்கே யாரும் இல்லை.

இடத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தரகர் நல்ல பேச்சுக்காரர். "கிழக்கால ஒருத்தனும் வீடு கட்டி மறைக்க முடியாது சார்" என்றார். எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது. மணலில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்திரத்துல கெழக்கு மேற்கா எத்தினி அடி போட்டிருக்குது?" என்று கேட்டார்.

எண்பது என்றார் தரகர்.

"அதுல முப்பது அடி தண்ணிக்குள்ள கெடக்குது. மரம் இருந்த எடம் அது." பிறகு என்னைப் பார்த்து, கேலி இல்லாத குரலில் கேட்டார்: "நீங்க வாங்கிட்டா, அந்த முப்பது அடியில நாங்க வலை வுடலாமா சார்?"

இந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

நடந்தது இதுதான். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ஆனால் வடக்கே இருந்த மணலைக் கடல் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு போனது. முதலில் புதுச்சேரிக் கடற்கரை போயிற்று. அங்கே கல்லைக் கொட்டினார்கள். கல் முடிகிற இடத்திலிருந்து அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. இப்படியே மாநில எல்லையைத் தாண்டிப் பொம்மையார்பாளையம் பக்கம் வரை வந்துவிட்டது. ஒருவர் தன் கரையைக் காப்பாற்றிக்கொள்வதென்பது அடுத்தவர் கரையை ஒப்புக்கொடுப்பது.

வீட்டுக்கு வந்து வில்லங்கச் சான்றைப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கும் வில்லங்கம் எதுவும் இல்லை. கடல் எந்த சப்-ரிஜிஸ்திரார் ஆபீசிலும் எதையும் பதிவு செய்வதில்லை. ஆனால் 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம், உயர்ந்த அலை மட்டத்துக்குக் கீழே உள்ள கடல்தரை அரசாங்கத்தினுடையது என்கிறது. ஆக, அலை முன்னால் வரும்போது அரசாங்கமும் கூடவே முன்னால் வருகிறது. மிச்சமிருந்த ஐம்பது அடியிலும் கட்டடம் எழுப்ப முடியாது. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, கிராமப்புறக் கரையில் அலை மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாதென்றது. 2019-இல் வந்த அறிவிக்கை இதை ஓரளவு தளர்த்தியது. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி சதுரக் கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமங்களில், திட்ட வரைபடம் தயாரான பின், 50 மீட்டர் போதும் என்கிறது. இதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். தனிமையை நாடிக் கடலுக்குக் கிட்டத்தில் வீடு கட்ட விரும்புகிறவன், சட்டப்படி, ஜன நெருக்கடி மிகுந்த ஊராகப் பார்த்துப் போக வேண்டும்.

ஆனால் நான் வாங்காமல் போனதற்குச் சட்டம் காரணமல்ல. சட்டத்துக்கு வழி சொல்லத் தரகரிடம் ஆள் இருந்தது. அனந்தபுரம் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கடல், எழுத்து, தனிமை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அங்க போயி வரப்புச் சண்டைய யார்கிட்டடா போடுவ?" என்றாள். கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் நிஜமாகவே கேட்டிருந்தாள்.

புஞ்சையை விற்பதென்றால் அளக்க வேண்டும். அதற்காக மாமா தன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வாங்கிப் புரட்டினேன். தொழில் பழக்கம், நேராகச் சக்குபந்திக்குப் போனேன். இன்னார் நிலத்துக்குக் கிழக்கு என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர் இருந்தது. தகப்பனார் பெயரோடு, முழுசாக. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவிலிருந்து அப்பாவை எடுத்துவிட்டு என் பெயரை ஏற்ற நான் எட்டு மாதம் அலைந்திருக்கிறேன். அவரோடு கடைசிவரை சண்டை போட்டவரின் டிரங்குப் பெட்டியில் அப்பா எல்லையாக இருந்துகொண்டிருக்கிறார். அப்பா இல்லாமல் அவர் தன் நிலத்தைச் சொல்லவே முடியாது.

கடலோரம் வாங்குகிறவன் உண்மையில் எதை வாங்குகிறான்? தண்ணீரை அல்ல, காட்சியை அல்ல. நான்கில் ஒரு பக்கத்தில் பெயர் இல்லாமலிருப்பதை வாங்குகிறான். தீவை வாங்குகிறவன் நான்கு பக்கத்திலும் அதை வாங்குகிறான். அந்தப் பெரியவர் கேள்வி கேட்கும்வரை கடலோரத்தில் பெயர் இல்லை என்றே நானும் நம்பியிருந்தேன். ஸ்காட்லாந்தில் எக் என்று ஒரு தீவு. ஒரு தனி முதலாளியிடமிருந்து இன்னொருவருக்கு விலைபோய்க்கொண்டிருந்தது. 1997-இல் அங்கே குடியிருந்தவர்கள், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, 15 லட்சம் பவுண்டுக்கு ஓர் அறக்கட்டளையின் பெயரில் தாங்களே வாங்கிவிட்டார்கள். மெக்கன்ஸி காலத்தில் இதை யாரும் கதையாகக்கூட எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற முந்நூறு பேரிடம் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நாமும் சிறிய தீவிலிருந்து இன்னும் சிறிய தீவுக்கு மாறிக்கொண்டிருப்பவர்கள்தாம். ஒரு கூட்டம் பிடிக்கவில்லையென்றால் வேறொரு பத்திரிகை, அதுவும் ஒத்துவராவிட்டால் நாலு பேர், பிறகு தனியே. ஆடுகளை அப்புறப்படுத்தியதைத் தரம் என்று சொல்லிக்கொள்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், இதே பக்கங்களில்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. கடலோரத்து ஐந்து சென்டில் எவ்வளவு மிச்சமிருந்தது என்று போய்ப் பார்க்கவில்லை. நாலு நாள் கழித்து மாமா போன் செய்தார். "மாப்ள, வரப்பு போயிடுச்சி. ஞாயித்துக்கெழம வா, கல்லு நட்டுடலாம்."

போனேன். அம்மா வரப்பில்லாத மேட்டில் நின்றுகொண்டு மேற்பார்வை செய்தாள். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். அரை அடி எங்கள் பக்கம் தள்ளித்தான் கல்லை வைத்தார். விடவில்லை, சாயங்காலம்வரை சண்டை போட்டேன்.