தோட்டுக்கு ஏற்ற வள்ளம்

"எந்தத் தோட்டுல விடப்போறீங்க சாரே?" என்றுதான் வள்ளம் கட்டும் ஆசாரி கேட்டார். விலைப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். ஊருக்குள் புகுந்து போகும் சிறு வாய்க்காலை இங்கே தோடு என்பார்கள். கொச்சியின் பள்ளுருத்தி, பெரும்படப்பு, இடக்கொச்சிப் பக்கமெல்லாம் அவை காயலிலிருந்து கிளைத்து வீட்டுப் பின்வாசல்வரை வருகின்றன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஏதாவதொரு சிறுபாலம். கடல் ஏற்றத்தில் நீர் உயர்ந்தால் பாலத்தில் தலை இடிக்கும், வற்றத்தில் இறங்கினால் சேற்றில் அடி தட்டும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்துக்குள் போய்வரும்படி வள்ளத்தின் உடம்பு இருக்க வேண்டும். ஆசாரியின் கேள்வி அதற்காகத்தான்.

எனக்கு வாங்கும் எண்ணம் இல்லை. கயிற்றால் வள்ளம் தைப்பதைப் பார்க்க வேண்டும் என்றேன். "அப்ப நின்னு பார்க்காதீங்க, இதப் பிடிங்க" என்று கயிற்றின் ஒரு முனையைக் கையில் கொடுத்துவிட்டார்.

தென்னைகளுக்கு நடுவே தகரக் கொட்டகை. முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த வஞ்சி என்ற சிறு வள்ளத்தில், அணியத்தை ஒட்டிய ஒரு பலகை உளுத்துப்போயிருந்தது. பழைய கட்டை அறுத்து அதை உருவியாயிற்று. அந்த இடத்தில் புதிய ஆஞ்சிலிப் பலகை உட்கார வேண்டும். குமரி மாவட்டத்தில் அயனி என்று சொல்கிற அதே மரம்தான். இரண்டு பலகைகளின் ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். பொருத்தின்மேல் தேங்காய் நாரைத் திரித்து நீளமாகக் கிடத்தி, அதையும் சேர்த்துக் கயிறு துளைக்குத் துளை குறுக்கும் மறுக்குமாக ஓடுகிறது. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். உள்ளிருப்பவர் கயிற்றை ஒரு தடிக்கட்டையில் சுற்றி நெம்பி இழுக்க, வெளியே இருப்பவர் பலகையைத் தட்டுகிறார். எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதில்லை. தட்டும் ஓசை மாறுகிறது. மாறியதும் "மதி", போதும், என்கிறார் ஆசாரி. அந்த மாற்றம் என் காதுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

துளைகளை அடைத்த பிறகு முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பூசுவார்கள். இப்படிக் கயிற்றால் கட்டிய கெட்டுவள்ளங்களின் கருமை அதிலிருந்து வருவது. தோலில் பட்டால் புண்ணாகிவிடும். ஆசாரியின் விரலிடுக்குகளில் அதன் தழும்பு இருக்கிறது.

ஆணியே அடிப்பதில்லையா என்றேன். "உப்புத் தண்ணியில ஆணி துருப்பிடிக்கும். துருப்பிடிச்சா பலகையையும் கூட்டிக்கிட்டுப் போகும். கயிறு மக்கினா கயிறு மட்டும்தான் போகும்." 14ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்த இபன் பதூதாவும் தென்னங்கயிற்றால் தைத்த கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். துறைமுகம் கட்டப்படாத காலத்தில், சென்னைக் கடலின் அலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுபோன மசூலாப் படகுகளும் தைத்தவையே. அலை மோதினால் தையல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.

ஆசாரி தொழில் கற்றது கொல்லம் பக்கத்து ஆலும்கடவில். பெரிய கெட்டுவள்ளங்களுக்குப் பேர்போன ஊர் அது. குட்டநாட்டு நெல்லை 30 டன் வரை ஏற்றிக்கொண்டு கொச்சிக்கு வந்த வள்ளங்கள் அவை. மட்டாஞ்சேரிப் பஜாரின் பழைய கிட்டங்கிகளுக்கு சரக்கு இறக்கக் காயல் பக்கம் ஒரு வாசல் இன்னும் இருப்பதைப் பார்க்கலாம். பாலங்களும் லாரிகளும் வந்து அந்தப் பிழைப்பை முடித்தன. 1990களின் தொடக்கத்தில் அதே வள்ளத்தின்மேல் மூங்கில் கூரை வேய்ந்து, படுக்கையறை வைத்து, சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். வீட்டுப்படகு கெட்டுவள்ளத்தைக் காப்பாற்றியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. குளிர்சாதனம், இரண்டாம் மாடி, கூட்ட அரங்கு என்று அது வீங்கிக்கொண்டே போனது. வேம்பநாட்டுக் காயலின் நடுவில் மிதக்கிறதே தவிர, ஒரு தோட்டுக்குள்ளும் அதனால் நுழைய முடியாது.

இங்கிலாந்தின் ஒடுங்கிய கால்வாய்ப் படகுகளும் இப்படிச் சரக்கு சுமந்து, ரயிலிடமும் லாரியிடமும் தோற்று, பிறகு விடுமுறைப் படகுகளானவைதாம். 1944-இல் எல். டி. சி. ரோல்ட் தன் படகு வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். இரண்டே ஆண்டில் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் உருவானது. ஆனால் எவ்வளவு வசதி கூடினாலும் அந்தப் படகு 7 அடிக்கு மேல் அகலவில்லை. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுத்தொட்டிகள் அங்கே 7 அடி அகலம்தான், அதற்குமேல் பருத்தால் ஊருக்குள் போக முடியாது. வேம்பநாட்டில் அப்படிக் கையைப் பிடிக்க எதுவும் இல்லை.

பெரிய வழிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. கொல்லம் முதல் கோட்டப்புரம் வரை 168 கி.மீ. நீர்வழி 1993-இல் தேசிய நீர்வழியானது. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்படகுகள் காயலில் ஓடத் தொடங்கின. தோடுகளிலோ கவனிக்க ஆளில்லாமல் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் சேர்கின்றன. பக்கிங்காம் கால்வாயைச் சென்னைக்குள் என்ன பாடு படுத்தினோம் என்று தெரிந்தவனுக்கு இங்கே யாரையும் குறைசொல்ல வாய் வராது.

இந்த நீருக்கு வேறொரு கணக்கும் உண்டு. சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட புலையர்களுக்குப் பள்ளுருத்தி அழகியகாவு பகவதி கோயில் பக்கம் அந்தக் காலத்தில் ஆண்டில் ஒரு நாள்தான் அனுமதி இருந்தது, தனு மாதக் கடைசி வியாழன். அன்று கூடும் புலவாணிபச் சந்தை இப்போதும் நடக்கிறது. கூட்டம் போடத் தரையில் இடம் கிடைக்காத அதே மக்கள் 1913-இல் கொச்சிக் காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி அவற்றின்மேல் கூடினார்கள். பண்டிட் கருப்பன் முன்னின்று நடத்திய காயல் சம்மேளனம் அது. வள்ளம் அவர்கள் கையில் இருந்த பொருள்.

மதியத்துக்குமேல் பலகை இறுகியதும் விலை கேட்டேன், ஆசையில்தான். மரம் கன அடிக் கணக்கு. கயிற்றுக்கும் கூலிக்கும் தனி. ஃபைபர் வள்ளம் இதைவிட மலிவு, எடையும் குறைவு என்று ஆசாரியே சொன்னார்.

"நீங்க ஊருக்குப் போயிட்டு எப்ப வருவீங்க?"

எப்போதாவது என்றேன்.

"அப்ப வேண்டாம். தச்ச வள்ளம் தண்ணியிலயே கிடக்கணும். வெயில்ல காஞ்சா பொருத்து வாய் பிளந்துடும். கும்பளங்கியில வஞ்சி வாடகைக்குக் கிடைக்கும், கழுக்கோல் ஊன்ற ஆளோட. எஞ்சின் இல்லாததாப் பார்த்து எடுங்க."

2019-இல் 'கும்பளங்கி நைட்ஸ்' படம் வந்த பிறகு அங்கே வாடகை ஏறிவிட்டது என்றும், பேரம் பேசத் தயங்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.