எனக்கும் நானும்

வேற்றுமை என்றாலே எங்களுள் பலருக்கு வேப்பங்காய்! ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்தால் போதும் என்றிருப்போம். ஆனால் இந்த உருபுகளோடு நம் முத்துக்குளித்துறையில் ஒரு புனிதரே போராடினார் என்று அறிந்தபோது வியந்தோம்.

1542-இல் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், உள்ளூரார் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். 1544-இல் உடனுழைப்பாளர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில், விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று வருவதைத் திருத்தச் சொன்னார். கடவுள் வேண்டும் என்பது ஆசை. கடவுளை நம்புகிறேன் என்பது விசுவாசம். ஆண்டவர் பாடுபட்டது கட்டாயத்தால் அன்று, தம் மனத்தால் என்பது விளங்கவேண்டும் என்றும் எழுதினார். அங்கே பொருள் 'ஆல்' உருபேற்ற சொல்லில் நிற்கிறது!

சற்றே எண்ணிப் பாருங்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும்: இவற்றில் நான் செய்பவள் அல்லேன்; பசியும் விருப்பமும் என்னிடம் தாமாக வருகின்றன. 'நான் நம்புகிறேன்' என்னும்போதோ நானே எழுவாய்.

பின்னர் வந்த அன்றிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1549 அளவில் போர்த்துக்கீசிய மொழியில் தமிழிலக்கணம் எழுதினார். லத்தீன் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை ஆறு, தமிழுக்கோ எட்டு. அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. 1600-இல் இக்கரையிலேயே கண்மூடினார்.

தொலைவிலுள்ள பால்டிக் கடற்கரையின் லித்துவேனிய மொழியிலும் பெயர்ச்சொல்லுக்கு ஏழு வேற்றுமைகள் உண்டு. அங்கே 'மன் ஷல்தா' என்றால் 'எனக்குக் குளிர்கிறது' என்று பொருள். 'மன்' என்பது 'எனக்கு' என்பதேதான்! நமக்கும் அவர்களுக்கும் மொழி உறவு இல்லை; மனித உள்ளம் ஒன்றுதான் போலும்.

அங்கும் இங்கும் உருபு காவல் நிற்பதால் சொற்கள் இடம் மாறலாம். 'முத்துக்குளிப்பவனை மைத்துனன் இழுத்தான்', 'மைத்துனன் முத்துக்குளிப்பவனை இழுத்தான்': இரண்டும் ஒன்றே. ஆனால் 'ஐ' இடம் மாறினால், படகில் கயிறு பிடித்தவன் கடலுக்குள் போய்விடுவான்!

தோழியரே, 'எனக்குப் படிப்பு வரவில்லை' என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அந்தக் 'கு' நம்மைக் கைகட்டிக் காத்திருக்க வைக்கிறது. 'நான் படிப்பேன்' என்று சொல்லிப் பார்ப்போம். உருபு நீங்கி எழுவாய் ஆகும்போது, நாமும் எழுவோம் அன்றோ!